பரணில் உறங்கும் விளையாட்டுப் பெட்டி

நம் வீடுகளில் விளையாட்டுச் சாமான்களைப் பாதுகாத்த முறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பல்லாங்குழிப் பலகையை எடுத்துக் கொள்ளுங்கள். 14 குழிகள்; கைநிறையப் புளியங்கொட்டை, வசதியுள்ள வீடானால் சோழி. யந்திரம் அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் பாட்டி சோழியைச் சுருக்குப் பையில் போட்டு முடிந்து வைப்பாள். பலகையைத் துணியால் துடைத்து, எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் தடவிச் சுவரோரம் சாய்த்து வைப்பாள். பேத்தி கைக்கு வரும்போதும் பலகை வழவழவென்றுதான் இருக்கும்.

அந்தப் பேத்தியின் பிள்ளை ஆடிய பெட்டி என்ன ஆயிற்று? திண்டுக்கல் சமவெளியில் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கும் அகரம் மாதிரி ஓர் ஊரில், ஏதாவது ஒரு வீட்டுப் பரணை எட்டிப் பாருங்கள். கலியாணத்துக்கு வந்த எவர்சில்வர் அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, ஓடாத மேஜை விசிறி. இவற்றுக்கு நடுவே பாலிதீன் பையில் சுற்றிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அகப்பட்டாலும் அகப்படலாம். வயரோடு இரண்டு கைப்பிடிகள், மஞ்சள் நிறத்தில் நாலைந்து கேசட்டுகள். 'டி.வி. கேம்' என்று நாம் சொன்னோமே, அதுதான். பூட்டுக்குப் பேர் போன ஊர்ப் பக்கமாயிற்றே! நகை இருக்கும் பீரோவுக்குப் பூட்டுப் போட்டவர்கள், அழுது அடம் பிடித்து வாங்கிய இந்தப் பெட்டியைப் பத்திரமாகப் பரணில் ஏற்றி விட்டார்கள்.

இப்போது கீழே இறக்கினால் அது ஓடுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இந்த ஜாதிப் பெட்டிகளின் ஐம்பது வருஷ சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்று புலப்படும். பிள்ளைகள் ஆடியதால் இவற்றுக்கு வந்த கெடுதல் கொஞ்சம்தான். பெரியவர்கள் எடுத்து வைத்த விதத்தால் வந்த கெடுதலே அதிகம்.

முதல் பெட்டி 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மாக்னவாக்ஸ் கம்பெனியின் 'ஒடிஸி' என்பது அதன் பெயர். ரால்ப் பேர் என்ற பொறியாளர் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பானேன், அதோடு விளையாடினால் என்ன என்று யோசித்ததன் பலன் அது. திரையில் சில வெள்ளைப் புள்ளிகள்தான் ஓடும். டென்னிஸ் மைதானமோ வேறு எதுவோ வேண்டுமானால், படம் போட்ட பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆறு பெரிய பாட்டரி செல்களில் அது இயங்கியது. இந்தக் குலத்தின் முதல் பிள்ளையே பாட்டரியோடு பிறந்தது என்பதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும் துன்பங்கள் பலவற்றுக்கு அதுவே மூலம்.

1976-இல் 'பேர்சைல்ட்' கம்பெனியில் ஜெரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர் தலைமையில் ஒரு குழு வேறொரு காரியத்தைச் சாதித்தது. ஒரு பெட்டிக்கு ஓர் ஆட்டம் என்றிருந்ததை மாற்றி, கேசட்டைக் கழற்றி வேறு கேசட்டைச் செருகினால் வேறு ஆட்டம் என்று ஆக்கியது. இது பிரமாதமான ஏற்பாடு. ஆனால் செருகிக் கழற்றும் இடம் என்று ஒன்று ஏற்பட்டால், அங்கே தேய்மானமும் தூசியும் வந்து குடியேறும். கதவு இருந்தால் கீல் கிறீச்சிடத்தானே செய்யும்?

அப்புறம் கதை ஜப்பானுக்குப் போகிறது. கியோட்டோ நகரத்தில் 1889-இல் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கியது நிண்டெண்டோ. 1983 ஜூலையில் அந்தக் கம்பெனி 'பேமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. அதற்குக் கேசட்டை மேலிருந்து செருக வேண்டும். 1985-இல் அதையே அமெரிக்காவுக்கு அனுப்பியபோது உருவத்தை மாற்றினார்கள். அமெரிக்காவில் அப்போது வீடியோ விளையாட்டு வியாபாரம் படுத்துக் கிடந்தது. விளையாட்டுப் பெட்டி என்றாலே கடைக்காரர்கள் ஓடினார்கள். ஆகவே வி.சி.ஆர். மாதிரி முன்பக்கம் கேசட்டை நுழைத்துக் கீழே அழுத்தும்படி செய்தார்கள். வேஷம் பலித்தது. ஆனால் அழுத்த அழுத்த, உள்ளே இருந்த 72 ஊசிகளின் பிடி நாளடைவில் தளர்ந்தது. திரை கண் சிமிட்ட ஆரம்பித்தது.

உடனே உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக் கொள்ளாமலே, ஒரே வைத்தியத்தைக் கண்டுபிடித்தார்கள். கேசட்டைக் கழற்றி அதன் வாயில் ஊதுவது! அமெரிக்காவிலும் ஊதினார்கள், அகரத்திலும் ஊதினார்கள். ஊதிச் செருகினால் ஓடியது என்பது வாஸ்தவம். ஆனால் ஓடியது ஊதியதால் அல்ல. கழற்றி மறுபடி செருகியபோது ஊசியும் தகடும் வேறு இடத்தில் தொட்டுக்கொண்டதால் ஓடியது. ஊதியதன் லாபம், எச்சில் ஈரம் தகட்டில் படிந்து காலக்கிரமத்தில் களிம்பு பூத்ததுதான். 'ஊதாதீர்கள்' என்று கம்பெனியே எச்சரித்தது. 1989-இல் சுத்தம் செய்வதற்கென்று தனிச் சாமானே விற்றது. 1993-இல் அந்த முன்வாயிலை மூடிவிட்டு, மறுபடி மேலிருந்து செருகும் பெட்டியைக் கொண்டு வந்தது.

சரியான வைத்தியம் சுலபமானது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, கேசட்டின் தகடுகளை மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருக வேண்டும். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் 'ஐ.பி.ஏ.' என்று சொல்வது இதைத்தான். பெயிண்டுக்கு ஊற்றும் தின்னரைத் தொடக்கூடாது. அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். மை அழிக்கும் சொரசொர ரப்பரால் தேய்ப்பதும் ஆகாது; தகட்டின் மேல் பூச்சு போய்விடும். எண்ணெய் வேண்டவே வேண்டாம். பூட்டு இறுகினால் எண்ணெய் விடுகிறோம். எண்ணெய் தூசியைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள, கொஞ்ச நாளில் முன்னைவிட அதிகமாக இறுகுகிறது. பென்சில் கரியைப் பொடித்துத் தூவுவதுதான் பூட்டுக்கு நல்லது. பூட்டுக்கே எண்ணெய் சரிப்படாதபோது கேசட்டுக்கு எப்படிச் சரிப்படும்?

நம் நாட்டுச் சிறிய ஊர்களுக்கு இந்தப் பெட்டிகள் வந்தது 1990-களில். வந்தவற்றில் பெரும்பாலானவை பேமிகாமின் நகல்கள். ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகுவோம். டி.வி.யில் சானலைத் திருப்பித் திருப்பி, புள்ளி மழைக்கு நடுவே படம் தெரிந்ததும் வீடே கூச்சல் போடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சினிமா நேரத்துக்குப் பெரியவர்கள் ஆன்டெனாவைத் திரும்பக் கேட்பார்கள். அந்தப் போராட்டங்களை எல்லாம் எழுதினால் தனிப் புராணமாகும். கேசட்டின் மேல் '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது பத்தோ இருபதோ. மற்றவை எல்லாம் அதே ஆட்டத்துக்கு வேறு வேறு நம்பர்.

அந்தப் பெட்டிகளுக்கு எமனாக வந்தது பெரும்பாலும் அடாப்டர்தான். ஒன்று கெட்டால் கடையில் கிடைத்த வேறொன்றை வாங்கிச் செருகினோம். துளையில் பொருந்தினால் போதும் என்பது நம் எண்ணம். பொருந்துவது வேறு, பொருத்தமாக இருப்பது வேறு. கலியாணம் செய்து வைத்த பெரியவர்களுக்கு இது தெரியும். அமெரிக்க நிண்டெண்டோவின் அடாப்டர் 9 வோல்ட் மாறு மின்சாரம் தருவது. ஜப்பானியப் பேமிகாமுக்கு வேண்டியதோ நேர் மின்சாரம். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றின் ஆகாரம் மற்றதற்கு விஷம். அமெரிக்காவிலிருந்து அத்தான் கொண்டு வந்த பழைய பெட்டி 120 வோல்ட்டுக்கும், ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டுக்கும் செய்தது. நம் சுவரில் இருப்பது 230. நேராகச் செருகினால் ஒரு வாசனை வரும், அதோடு சரி. ஆகையால் அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படிக்க வேண்டும். வோல்ட், நேரா மாறா, நடு ஊசி கூட்டலா கழித்தலா என்ற மூன்றும் பெட்டி கேட்பதோடு ஒத்திருக்க வேண்டும்.

கையில் வைத்து ஆடும் பெட்டிகளின் கதை தனி. நிண்டெண்டோவில் இருந்த குன்பேய் யோகோய், ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அந்தக் காட்சியிலிருந்துதான் 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது என்பார்கள். 1989-இல் அவரே 'கேம் பாய்' என்ற பெட்டியைக் கொண்டு வந்தார். வண்ணத்திரை போட வசதி இருந்தும் போடவில்லை. பழகித் தேர்ந்த, விலை மலிந்த பாகங்களைக் கொண்டே புதிய காரியம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பலன், நான்கு சிறிய செல்லில் பல மணி நேரம் ஓடியது. கீழே விழுந்தாலும் பிழைத்தது. 1990-91 வளைகுடா யுத்தத்தில் குண்டு வீச்சில் எரிந்து உருகிப்போன ஒரு கேம் பாய், உள்ளே பழுதில்லாமல் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, நியூயார்க்கில் நிண்டெண்டோ கடையில் பல்லாண்டு காட்சிக்கு இருந்தது.

குண்டுக்குத் தப்பிய ஜாதி அது. ஆனால் மேஜை டிராயரில் செல்லைப் போட்டு மறந்துவிட்டால் தப்புவதில்லை. செல் கசிகிறது; கசிந்தது வில்கம்பிகளையும் தகட்டையும் தின்கிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பதைப் பார்த்ததும் நம் கை தானாகச் சாம்பலுக்கோ புளிக்கோ போகும். கொஞ்சம் நிதானம் வேண்டும். அல்கலைன் செல் கசிவது காரம். அதற்குப் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் மருந்து. சாதாரணத் துத்தநாக செல் கசிவது புளிப்பு. அதற்குச் சமையல் சோடா கரைசல் மருந்து. எதைத் தடவினாலும் பின்னால் ஐ.பி.ஏ. கொண்டு துடைத்து உலர்த்த வேண்டும். இத்தனை தொல்லையும் வேண்டாமென்றால், எடுத்து வைக்கும் தினத்தன்று செல்லைக் கழற்றிவிட வேண்டும். அரை நிமிஷ வேலை.

இனி நான் சொல்லப் போவது கழற்றக் கூடாத பாட்டரியைப் பற்றி. 1987-இல் அமெரிக்காவில் 'லெஜெண்ட் ஆப் ஸெல்டா' என்ற ஆட்டம் பொன்னிறக் கேசட்டில் வெளிவந்தது. அதற்குள் ஒரு சிறு பொத்தான் பாட்டரி இருந்தது. ஆடியவன் எந்த மலையைத் தாண்டினான், எந்தக் குகையில் நிற்கிறான் என்பதை மறுநாள் வரை ஞாபகம் வைத்துக்கொள்ளுவது அதன் வேலை. பெட்டிக்குக் கிடைக்கும் மின்சாரம் நின்ற பிறகும், இந்தப் பாட்டரி கொடுக்கும் துளி மின்சாரத்தில் அந்த நினைவு உயிரோடிருக்கும். பாட்டரி இறந்தால் நினைவும் இறக்கும். இப்படிப்பட்ட பாட்டரிகள் பல வருஷம் உழைக்கும். ஆனால் சாசுவதம் இல்லை. 1999-இல் ஜப்பானில் வெளியான 'போக்கிமான்' கோல்ட், சில்வர் கேசட்டுகளில் நேரம் காட்டும் கடிகாரமும் ஓடியதால், அவற்றின் பாட்டரி மற்றவற்றைவிட முந்தியே தீர்ந்தது.

2015-இல் ஒரு ஜப்பானியர் தெரிவித்த செய்தி இது. 1994-இல் வெளியான ஓர் ஆட்டத்தைப் பையனாக இருந்தபோது ஆடினாராம். மின்சாரத்தை நிறுத்தினால் அதில் சேர்ந்திருக்கும் பதிவு அழிந்துவிடுமே என்ற பயத்தில், ஏறக்குறைய 20 வருஷம் அந்தப் பெட்டியை அணைக்கவே இல்லையாம். இதைப் படித்ததும் சிரிப்புத்தான் வரும். இரண்டாம் முறை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. கோயிலில் அணையா விளக்கு ஏற்றி வைக்கிறவர்கள் நாம். அவர் எரிய விட்ட விளக்குக்குள் இருந்தது தம்முடைய இளம் பிராயம்.

இன்றைய கைவேலைக்காரர் அந்தப் பாட்டரியை மாற்றித் தருவார். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் சர்வீஸ் கடையிலோ சால்டரிங் இரும்பைப் பழகிய கை ஒன்று இருக்கும். ஆனால் கொடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்: 'உள்ளே இருக்கும் பதிவு போய்விடுமா?' பழைய பாட்டரியைச் சும்மா கழற்றினால் போய்விடும். பதிவை வேறு கருவியில் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்தால் பிழைக்கும்.

அடுத்த எதிரி உஷ்ணம். 2005-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட 'எக்ஸ்பாக்ஸ் 360' பெட்டியில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். சூடேறிச் சூடேறி ஆறியதில் உள்ளே இருந்த இணைப்புகள் விரிசல் விட்டன. 2007 ஜூலையில் கம்பெனி உத்தரவாதத்தை 3 வருஷமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றுக்கே உஷ்ணம் இவ்வளவு செலவு வைத்ததென்றால், சித்திரை மாதத்துத் திண்டுக்கல்லில் நம் பெட்டி என்ன பாடுபடும்? நாமோ அதை அழகாக இருக்கட்டும் என்று கண்ணாடி ஷோகேசில் வைத்து, மேலே குரோஷா துணியும் போர்த்துகிறோம். அதற்கு மூச்சு முட்டுகிறது. நாலு பக்கமும் நாலு விரற்கடை இடம் விட்டு, காற்று போகும் துவாரங்களைத் திறந்து வையுங்கள். துணி போர்த்துவது ஆட்டம் முடிந்து, பெட்டி ஆறிய பிறகு. ஆடிக் காற்றில் மண் பறக்கும் நாட்களில் துவாரத்தில் சேரும் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால், உள்ளே இருக்கும் விசிறியைச் சுழல விடாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைய கைப்பெட்டிகளில் இருப்பது லித்தியம் பாட்டரி. 1991-இல் சோனி கம்பெனி வியாபாரத்துக்குக் கொண்டு வந்தது. அதற்கு வழி வகுத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இந்தப் பாட்டரிக்கு ஒரு சுபாவம் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெய்யிலில் கிடப்பதும் அதற்கு ஆகாது. பட்டினி கிடப்பதும் ஆகாது. எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் செய்யுங்கள் என்று தன் 'ஸ்விட்ச்' பெட்டிக்கு நிண்டெண்டோவே சொல்கிறது. ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரண் வீட்டிலேயே சூடான இடம் என்பதை நாம் அறிவோம். பாட்டரி உப்பி, மூடி தூக்கிக்கொண்டு நின்றால் அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அது நெருப்புச் சமாசாரம். தெரிந்தவரிடம் ஒப்படைத்து விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, பெட்டியைத் திறந்து பார்ப்பதே ஒரு பிரச்னை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டு செய்கிற கைக்குப் பூட்டைப் பிரித்து நெம்புகோலைச் சரி பண்ணவும் தெரியும். ஒரே இனத்து வித்தை அது. இந்த விளையாட்டுப் பெட்டிகளையோ, சாதாரணத் திருப்புளி நுழையாத விசேஷத் திருகு போட்டு மூடினார்கள். வாங்கியவனுக்குப் பழுது பார்க்கும் உரிமை உண்டா என்பது இன்று உலகமெங்கும் நடக்கும் வழக்கு. நம் மத்திய சர்க்காரும் 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. தீர்ப்பு வரும்போது வரட்டும். அதுவரையில் அந்தத் திருகுக்கு உரிய திருப்புளியை வைத்திருக்கும் கடைக்காரர்தான் நமக்கு நீதிபதி.

இவ்வளவு பாடுபட்டு ஒரு விளையாட்டுச் சாமானைக் காப்பாற்றத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அகரத்தில் ஐப்பசியில் முத்தாலம்மனுக்குத் திருவிழா நடக்கிறது. மதுரை, திண்டுக்கல் பக்கத்து முத்தாலம்மன் திருவிழாக்களில் அம்மனைப் புதிதாக மண்ணால் செய்து, கண் திறந்து, கொண்டாடி, விழா முடிந்ததும் மண்ணோடு மண்ணாகக் கலைய விட்டுவிடுவது வழக்கம். யாரும் அழுவதில்லை. அடுத்த விழாவுக்கு அவளைச் செய்ய மண்ணும் இருக்கிறது, வேளார் கையும் இருக்கிறது என்பதால் அந்தத் துணிச்சல். கலைய விடுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். திரும்பச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவிகிதம் இன்று எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை என்று, இந்த விளையாட்டுகளின் வரலாற்றைக் காக்கும் அமைப்பு ஒன்று 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. 1983-இல் அடாரி கம்பெனி விற்காத கேசட்டுகளை லாரி லாரியாக அலமகோர்டோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தது. 2014-இல் அதே குழியைத் தோண்டி ஏறக்குறைய 1,300 கேசட்டுகளை வெளியே எடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குப் போயிற்று. அமெரிக்காவின் சிறு பிராயத்தை அமெரிக்கா தோண்டி எடுத்துக்கொண்டது. நம் ஊர்ச் சிறுவர்கள் 1990-களில் ஆடிய அந்த நகல் பெட்டிக்கு இப்படி ஒரு காட்சிசாலை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்குப் பரண் ஒன்றுதான் காட்சிசாலை. நாம்தான் அதன் காவல்காரர்கள்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு அதை இறக்குங்கள். உடனே மின்சாரத்தில் செருகிவிட வேண்டாம். முதலில் செல் கசிந்திருக்கிறதா பாருங்கள்; அப்புறம் அடாப்டரின் எழுத்தைப் படியுங்கள்; தூசி தட்டுங்கள்; கேசட்டின் தகட்டைத் துடையுங்கள். ஓடினால், வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆட விடுங்கள். பாட்டியின் பல்லாங்குழிப் பலகை நூறு கை பட்டதால்தான் வழவழப்பாயிற்று. ஓடவில்லை என்றாலும் கவலைப்படாமல் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள். எப்படி ஆனாலும், திரும்பப் பரணில் மட்டும் ஏற்றாதீர்கள்.